எதிர்வீட்டு மாடியில் டவர்: குளச்சல் சகோதரிக்கு ஒரு பதில்

கேள்வி: ஐயா, எங்கள் வீடு குளச்சலுக்குப் பக்கத்தில், கடலில் இருந்து நடக்கிற தூரம். நான்கு மாதத்துக்கு முன்பு எதிர்வீட்டு மாடியில் செல்போன் டவர் வைத்தார்கள். அன்றிலிருந்து எனக்குத் தலைபாரம், தூக்கமில்லை. 5ஜி டவர், புற்றுநோய் வரும், பிள்ளை இருக்கிற வீடு, மாறிப் போய்விடுங்கள் என்று தெருவில் சொல்கிறார்கள். மகளுக்கு 7 வயது. மாமிக்கு 68. போன வருடம் திருவனந்தபுரத்தில் அவருக்குப் பேஸ்மேக்கர் வைத்தோம். கணவர் குவைத்தில் இருக்கிறார். அவர் டியூட்டி முடிந்து கூப்பிடும்போது இங்கே இரவு 11.30 ஆகிவிடும். அதற்காகவே வைஃபை போட்டோம், ரூட்டர் கட்டிலின் தலைமாட்டில் இருக்கிறது. இண்டக்‌ஷன் அடுப்பும் கதிர்வீச்சுதான், விறகடுப்பே போதும் மக்களே என்கிறார் மாமி. உறவுக்காரர் ஒருவர் போனில் ஒட்டுகிற கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கர் விற்கிறார். ஒன்று 1,800 ரூபாய், எங்கள் வீட்டுக்கு ஆறு வேண்டுமாம். ஏற்கெனவே எங்கள் கடற்கரை மணலில் கதிர்வீச்சு என்கிறார்கள். அதோடு டவரும் சேர்ந்தால் என்ன ஆகும்? இன்னொன்று, சமையலறையில் வெறுங்காலோடு நின்று ஃப்ரிட்ஜைத் தொட்டால் கையில் சுர்ரென்று ஏறுகிறது. சில நாள் கிரைண்டரைத் தொட்டாலும் அப்படித்தான். இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இருக்கின்றன. கதிர்வீச்சு வீட்டுக்குள்ளேயே ஏறிவிட்டதா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நான் நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் கதிர் சிகிச்சைப் பிரிவில் 22 ஆண்டுகளாக மருத்துவ இயற்பியலாளராக வேலை பார்க்கிறேன். கதிரை அளப்பதும், அது போக வேண்டிய இடத்துக்கு மட்டும் போகிறதா என்று பார்ப்பதும்தான் என் தொழில். டவர் பற்றி விரிவாகவே பேசுவோம். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது நீங்கள் கடைசியாக எழுதிய ஃப்ரிட்ஜ் விஷயம். அதில் இருந்தே தொடங்குகிறேன்.

அது கதிர்வீச்சு இல்லை, மின்கசிவு. ஃப்ரிட்ஜுக்குள்ளோ கிரைண்டருக்குள்ளோ ஓடும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கு அதன் உலோக உடம்புக்கு வருகிறது. எர்த் கம்பி சரியாக இருந்தால் அது சத்தமில்லாமல் மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் உங்கள் கை வழியாக ஏறி, கால் வழியாகத் தரைக்கு இறங்கும். வெறுங்காலில் மட்டும் தெரிகிறது, கிரைண்டரில் மாவு ஆட்டும் ஈர நேரத்தில் தெரிகிறது என்றால் காரணம் இதுதான். இன்றைக்குச் சுர்ரென்று இருப்பது, உள்ளே ஒரு வயரின் உறை பிய்ந்த நாளில் ஆளையே பிடித்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் 7 வயதுப் பிள்ளை தண்ணீர் எடுக்க அந்த ஃப்ரிட்ஜைத்தான் திறக்கிறாள். மாமிக்கு இதில் இன்னொரு அபாயம் உண்டு. இப்படிக் கசியும் மின்சாரம் உடம்பு வழியாகப் போனால் பேஸ்மேக்கர் அதை இதயத்தின் துடிப்பு என்று தப்பாக எண்ணிக் குழம்பக்கூடும்.

ஆகவே இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கழற்றுங்கள். அதில் மூன்றாவது துளைக்கு உள்ளே பெரும்பாலும் வயரே இருக்காது, பேருக்குத்தான் மூன்று துளை. லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று வேலை சொல்லுங்கள். ஃப்ரிட்ஜுக்கும் கிரைண்டருக்கும் சுவரிலேயே தனித்தனி த்ரீ-பின் பிளக் வேண்டும். எர்த் குழியைத் திறந்து பார்க்க வேண்டும். நம் கடலோரத்தில் உப்புக்காற்று, எர்த் கம்பியைக் குழாயோடு பிடித்திருக்கும் கிளாம்ப்பை நான்கைந்து வருடத்தில் தின்றுவிடும். கம்பி குழாயோடு சேர்ந்திருப்பது போலத் தெரியும், தொட்டால் பொடியாக உதிரும். மணல் தரை வெயில் காலத்தில் காய்ந்து போவதாலும் எர்த் வேலை செய்யாது, அதனால்தான் பழைய ஆட்கள் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். மூன்றாவது, 30 மில்லியாம்பியரில் விழுகிற ஆர்சிசிபி ஒன்றை மெயின் போர்டில் போடச் சொல்லுங்கள். கடைக்காரர்கள் இதையும் இஎல்சிபி என்றே சொல்வார்கள். கசிவு ஏற்பட்ட நொடியில் அது வீட்டின் மின்சாரத்தை வெட்டிவிடும். ஆறு ஸ்டிக்கருக்கு நீங்கள் கொடுக்கவிருந்த 10,800 ரூபாயில் இந்த வேலையைத் தொடங்குங்கள்.

சரி, இனி டவருக்கு வருவோம்.

நம் மாவட்டத்தில் கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு ஏன் பதறுகிறது என்று எனக்குத் தெரியும், நானும் இந்த ஊர்க்காரன்தான். ஒரு பக்கம் மணவாளக்குறிச்சி மணல், இன்னொரு பக்கம் கூடங்குளம், நடுவில் புற்றுநோய் வந்து திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏறுகிற சொந்தக்காரர்கள். எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே சொல்தான். நான் சிகிச்சைக்குப் பயன்படுத்தும் கதிரும் கதிர்வீச்சு, மணலில் இருந்து வருவதும் கதிர்வீச்சு, டவரில் இருந்து வருவதும் கதிர்வீச்சு, ஏன், அடுப்புத் தணலின் வெம்மையும் கதிர்வீச்சுதான். சொல் ஒன்றாக இருப்பதால் பயமும் ஒன்றாகிவிட்டது.

உண்மையில் இவை இரண்டு வகை. அவற்றின் வித்தியாசத்தை என் நோயாளிகளுக்கு இப்படிச் சொல்வேன். தென்னை மரத்தில் ஒரு தேங்காயை விழ வைக்க வேண்டும். கடற்கரை மணலை அள்ளி அள்ளி நாள் முழுக்க எறிந்தாலும் விழாது. கைக்கு அடக்கமான ஒரு கல் குறி பார்த்துப் பட்டால் விழுந்துவிடும். எக்ஸ்ரே, காமா கதிர்கள் அந்தக் கல் மாதிரி. ஒவ்வொரு துகளும் அணுவில் இருந்து எலெக்ட்ரானைத் தட்டிவிடும் அளவுக்கு ஆற்றல் கொண்டது, மரபணு இழையை உடைக்க வல்லது. டவர், போன், வைஃபை எல்லாம் ரேடியோ அலைகள், மணல் மாதிரி. அவற்றின் ஒரு துகளின் ஆற்றல், எலெக்ட்ரானைத் தட்டத் தேவையானதில் பல லட்சத்தில் ஒரு பங்குதான். நம் கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சத்தோடு ஒப்பிட்டாலும் லட்சத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கிறது. நிறைய அலைகள் ஒரே இடத்தில் குவிந்தால் சூடு உண்டாகும், மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது அப்படித்தான். அந்தச் சூடு வராமல் பார்ப்பதற்காகத்தான் வரம்புகள் வைத்திருக்கிறார்கள்.

மணல் விஷயத்தில் உங்கள் ஊர்க்காரர்கள் சொல்வது பொய்யில்லை. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரில் இருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார், தேடி மணவாளக்குறிச்சிக்கு வந்தார். மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. பெயர் மணல் என்றாலும், அதில் இருந்து வருவது நான் மேலே சொன்ன உவமையில் கல் வகைக் கதிர்தான். இதே மணல் உள்ள கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். இந்த மணலின் கதிர் அதிகமாக உள்ள இடங்களில் வாழ்பவர்களுக்குப் புற்றுநோய் கூடவில்லை என்று 2009-ல் அந்த முடிவு வெளியானது. அதையும் டவரையும் கூட்டிப் பார்க்க வேண்டாம், அவை ஒன்றோடொன்று கூடுவதில்லை. தேங்காய் எண்ணெயை லிட்டரில் அளந்து, அதைச் சாலையின் கிலோமீட்டரோடு கூட்டுவது போல ஆகிவிடும்.

நீங்கள் முட்டம் போயிருப்பீர்கள். இரவில் அந்தக் கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்று பாருங்கள். ஒளிக்கற்றை தலைக்கு மேலே கடலுக்குப் போகிறது, அடிவாரத்தில் இருட்டு. டவரில் இருக்கிற நீளப் பெட்டி மாதிரியான ஆன்டெனாவும் அப்படித்தான். அதன் கற்றை கிடையாக, லேசாகக் கீழே சாய்ந்து, முன்னோக்கிப் போகும். தரையைத் தொடும்போது பல வீடுகளைத் தாண்டியிருக்கும், அதற்குள் பரவித் தேய்ந்தும் போயிருக்கும். டவரின் காலடியில் இருக்கிற வீட்டுக்கு வருவது அநேகமாக அந்தக் கற்றையின் சிதறல்தான். பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: ஆன்டெனாவின் முகத்துக்கு நேர் எதிரே, அதே உயரத்தில், சில மீட்டர் தூரத்தில் யாருடைய மாடி அறையாவது இருக்கிறதா என்பது. உங்கள் வீடு தரைத்தளம் மட்டும் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. மாடி கட்டும் யோசனை இருந்தால் அப்போது ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

வரம்பு எப்படி வைத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடம்பு முழுவதும் ஒரு கிலோவுக்கு 4 வாட் என்ற அளவில் ரேடியோ அலையை உள்வாங்கினால் உடம்புச் சூடு சுமார் ஒரு டிகிரி ஏறும். அதை 50-ஆல் வகுத்துப் பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பை வைத்தார்கள். 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது சதுர மீட்டருக்கு 4.5 வாட். இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் அதை இன்னும் பத்தில் ஒன்றாக்கி 0.45 வாட் என்று வைத்தார்கள். உச்சி வெயிலில் குளச்சல் கடற்கரையில் நிற்கும்போது உங்கள் மேல் விழும் சூரிய ஆற்றல் சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட். இரண்டும் வேறு வகை அலைகள்தான், சூட்டை மட்டும் நினைத்துப் பார்ப்பதற்காகச் சொன்னேன். சந்தேகம் தீராவிட்டால் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் என்ற இணையதளத்தில் உங்கள் தெரு டவர் விதிக்கு உட்பட்டதா என்று பார்க்கலாம். பணம் கட்டினால் வீட்டுக்கே வந்து அளந்தும் தருவார்கள். 2017-ல் அது தொடங்கியபோது கட்டணம் 4,000 ரூபாயாக இருந்தது. தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் பகிர்ந்துகொண்டால் பெரிய தொகையில்லை.

என் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு டவர் இருக்கிறது. அது வந்த புதிதில் என் மனைவிக்கும் உங்களைப் போலவே பயம். தெரிந்த ஒருவரிடம் ரேடியோ அலை அளக்கும் மீட்டரை இரவல் வாங்கி, மொட்டை மாடியில் துணி காயப்போடும் கம்பிக்குப் பக்கத்தில் இருவரும் நின்றோம். டவரைப் பார்த்து நீட்டினால் திரையில் எண் லேசாக அசைந்தது. அந்த நேரம் பார்த்து மனைவியின் கையில் இருந்த போன் அடித்தது, அவள் எடுத்தாள். எண் துள்ளி எழுந்தது. கையை நீட்டிப் போனை ஒரு முழத் தூரம் தள்ளிப் பிடித்ததும் எண் சரசரவென்று இறங்கிவிட்டது. அவள் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. இரவு படுக்கும்போது தலையணைக்கு அடியில் இருந்த போனை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

உடம்புக்குள் போகும் ரேடியோ அலையில் பெரும்பங்கு காதில் ஒட்டி வைத்திருக்கும் போனில் இருந்துதான் வருகிறது. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. டவர் பக்கத்தில் இருந்தால் போன் மெதுவாகப் பேசும், தூரத்தில் இருந்தால் கத்தும். பேச்சிப்பாறைக்கு மேலே, சிக்னல் ஒரே ஒரு கோடு காட்டுகிற இடத்தில் போன் தன் முழுச் சக்தியையும் செலவழித்து டவரைத் தேடுகிறது. அதனால்தான் அங்கே போனால் பேட்டரி சீக்கிரம் இறங்கி, போனும் சுடுகிறது. எதிர்வீட்டு டவரை அகற்றினால் உங்கள் காதில் இருக்கும் போன் இப்போதைவிடச் சத்தமாகக் கத்த வேண்டிவரும். டவருக்கு எதிராகக் கையெழுத்து வாங்க வருகிறவர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

புற்றுநோய் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-ல் ரேடியோ அலைகளை 2பி என்ற பட்டியலில் வைத்தது உண்மை. புற்றுநோயை உண்டாக்கக்கூடுமோ என்ற சந்தேகத்துக்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு, உறுதி செய்யப் போதாது என்பது அதன் பொருள். முழுக் கற்றாழை இலைச் சாறும் அதே பட்டியலில் இருக்கிறது. அப்படி வைக்கக் காரணமான ஆய்வுகளில் முக்கியமானது 13 நாடுகள் சேர்ந்து நடத்திய இன்டர்ஃபோன், 2010-ல் வெளிவந்தது. மொத்தமாகப் பார்த்தால் போன் பேசுகிறவர்களுக்கு மூளைக் கட்டி கூடவில்லை. வாழ்நாளில் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களிடம் மட்டும் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் எத்தனை மணி நேரம் பேசினேன் என்பதை நோய் வந்தபின் நினைவில் இருந்து சொன்னார்கள், சிலர் ஒரு நாளைக்கு நம்ப முடியாத அளவு சொன்னார்கள் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். இதற்கிடையே போன் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. போன் காரணமாக இருந்தால் மூளைக் கட்டியின் எண்ணிக்கையும் அதோடு ஏறியிருக்க வேண்டும், அப்படி ஏறவில்லை. 2024-ல் உலக சுகாதார நிறுவனம் கேட்டு நடத்தப்பட்ட மறு ஆய்வு 63 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை என்றது. 5ஜி என்ற பெயரில் புதிதாக ஒரு விஷம் வரவில்லை, அதுவும் அதே ரேடியோ அலைக் குடும்பம்தான்.

மின்கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் விஷயம் கொஞ்சம் வேறு. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முப்பந்தல் காற்றாலைகளில் இருந்து உயர் அழுத்தக் கம்பிகள் போகும் ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கத்து வாசகர்கள் கேட்பார்கள். மின்கம்பிக்குப் பக்கத்தில் வாழும் குழந்தைகளுக்குப் புற்றுநோய் வருமோ என்ற சந்தேகம் 1979-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தொடங்கியது. 2000-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மின்சாரத்தால் வீட்டில் உண்டாகும் சராசரி காந்தப்புலம் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) மேல் இருந்த மிகச் சில வீடுகளில் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் ஏறக்குறைய இரு மடங்காகத் தெரிந்தது. கம்பிதான் காரணமா என்பது நிரூபணமாகவில்லை. விலங்குச் சோதனைகள் அதற்குத் துணை நிற்கவில்லை, பிந்தைய ஆய்வுகளில் அந்தத் தொடர்பு மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. ஆனாலும் குழந்தை விஷயம் என்பதால் நான் ஒரு சுலபமான வேலையைச் சொல்வேன். பிள்ளையின் கட்டில் தலைமாடு மின்மீட்டர், ஃபியூஸ் போர்டு, இன்வெர்ட்டர் இருக்கிற சுவரை ஒட்டி இருந்தால் எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள். ஒரு மீட்டர் தள்ளினாலே புலம் வெகுவாகக் குறைந்துவிடும். இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்: 3 சென்டிமீட்டரில் 8 முதல் 30 மைக்ரோடெஸ்லா, 30 சென்டிமீட்டரில் 0.3-க்குள் வந்துவிடும். அந்தக் கம்பிகளால் நம் மாவட்டத்தில் உயிர் போவது வேறு விதத்தில். இரும்புத் தோட்டியால் தேங்காயோ பலாச்சக்கையோ பறிக்கும்போது தோட்டி கம்பியில் படுகிறது. மூங்கில் கழியே கையில் இருக்கட்டும். அதையும் கம்பிப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், மழை ஈரத்தில் அது இன்னும் ஆபத்து.

உங்கள் தலைபாரமும் தூக்கமின்மையும் நிஜம். அது மனப்பிரமை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். வலி இருக்கிறது, காரணம்தான் வேறாக இருக்கும் என்று நினைக்கிறேன். ரேடியோ அலை பட்டால் எனக்குத் தெரியும் என்று சொல்கிறவர்களை வைத்துப் பல நாடுகளில் சோதனை செய்திருக்கிறார்கள். அலை வருகிறதா இல்லையா என்று அவர்களுக்கும் தெரியாது, சோதிப்பவருக்கும் தெரியாது. அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அலை வருகிறது என்று நம்பிய நேரத்தில், கருவி அணைந்திருந்தபோதும், தலை உண்மையாகவே வலித்தது. ஆபத்து வருகிறது என்று எதிர்பார்க்கிற உடம்பு இறுகிப் போகும், கழுத்துத் தசை இழுக்கும், தூக்கம் கலையும். தினமும் ஜன்னலைத் திறந்தால் அந்த டவர்தான் கண்ணில் படுகிறது, உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தில் இன்னொரு காரணம் இருக்கிறது. கணவர் 11.30-க்குக் கூப்பிடுகிறார். பேசி முடிக்கும்போது இரவு ஒரு மணி ஆகிவிடும். பிள்ளை பள்ளிக்குப் போக நீங்கள் ஐந்து மணிக்காவது எழ வேண்டும். நான்கு மணி நேரத் தூக்கத்தில் யாருக்கும் தலை பாரமாகத்தான் இருக்கும். அந்த அழைப்பை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது, ஒரு நாளின் குடும்பமே அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. விளக்கை அணைத்த அறையில் முகத்துக்கு நேரே பிரகாசமான திரையைப் பிடிக்க வேண்டாம். திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், பத்து நிமிடம் முகம் பார்த்துவிட்டு மீதியை ஸ்பீக்கரில் பேசுங்கள். அவருக்கு விடுமுறை நாளில் நீளமாக, பகலில் பேசுங்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். கூடவே ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், கண் பார்வை மூன்றையும் பரிசோதியுங்கள். இதற்கு முன் வந்தே இராத கடுமையான தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி வந்தால் ஒரு நாளும் தள்ளாமல் மருத்துவரிடம் போங்கள்.

மாமிக்குப் பேஸ்மேக்கர் இருப்பதால் அவருக்கு மட்டும் சில உண்மையான கட்டுப்பாடுகள் உண்டு. எதிர்வீட்டு டவர் அவரை ஒன்றும் செய்யாது. அவருடைய சொந்த போன் செய்யலாம். நம்மூரில் பெரியம்மாமார் போனை எங்கே வைப்பார்கள் என்று தெரியும், ரவிக்கைக்குள் சொருகிக்கொள்வார்கள். பேஸ்மேக்கர் பெரும்பாலும் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழேதான் இருக்கும். போன் அதில் இருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர், ஒரு சாண் என்றே வைத்துக்கொள்ளுங்கள், தள்ளி இருக்க வேண்டும். இப்போதைய சில போன்களிலும் காதில் மாட்டும் இயர்பட்ஸ் டப்பாவிலும் காந்தம் இருக்கிறது, அது இன்னும் மோசம். இடுப்பில் ஒரு சுருக்குப் பையோ கையில் ஒரு பர்ஸோ பழக்கிவிடுங்கள். பேசும்போது கருவி இல்லாத பக்கத்துக் காதில் வைக்கட்டும். கடைகளிலும் கோயில்களிலும் உள்ள மெட்டல் டிடெக்டர் வாசலில் நிற்காமல் நடந்து போனால் போதும். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் பேஸ்மேக்கர் அட்டையை முதலில் காட்ட வேண்டும்.

இண்டக்‌ஷன் அடுப்புக்கும் மாமிக்கும் இடையே இரண்டடி, அதாவது 60 சென்டிமீட்டர் இருக்கட்டும். அவர் வேறு அடுப்பில் சமைக்கட்டும், நீங்கள் இண்டக்‌ஷனில் சமையுங்கள், அதில் உங்களுக்கும் மகளுக்கும் ஒரு கெடுதலும் இல்லை. அடுப்பின் வட்டத்துக்குப் பொருந்துகிற பாத்திரம் வையுங்கள், அடுப்பின் காந்தப்புலம் வெளியே அதிகம் சிதறாது. ஆனால் விறகடுப்புக்குத் திரும்ப வேண்டாம் என்று அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ரேடியோ அலையை 2பி-யில் வைத்த அதே அமைப்பு, வீட்டுக்குள் எரிக்கும் விறகின் புகையை அதைவிட மேலே, 2ஏ பட்டியலில் வைத்திருக்கிறது. புகையிலையும் பாக்கும் எல்லாவற்றுக்கும் மேலே முதல் பட்டியலில் இருக்கின்றன. சந்தேகமே இல்லாமல் உறுதியானவை இருக்கும் இடம் அது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒருவர் வீட்டருகே டவர் வந்ததென்று குடும்பத்தோடு வாடகை வீட்டுக்கு மாறியவர். வாயில் ஆறாத புண்ணோடு ஐந்து மாதம் இருந்தார், வெற்றிலைப் பொட்டலம் மட்டும் வீடு மாறும்போதும் கூடவே போயிருக்கிறது. அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்த விரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. உங்கள் வீட்டில் யாராவது வெற்றிலை போடுகிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ வாயில் உண்டா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

ரூட்டரைத் தலைமாட்டில் இருந்து ஹாலுக்கு மாற்றிவிடுங்கள், மனசுக்காகவாவது. வைஃபை உள்ள இடத்தில் ஒரு வருடம் உட்கார்ந்திருப்பதும், போனில் 20 நிமிடம் பேசுவதும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்று பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை முன்பு கணக்கிட்டுச் சொன்னது. மகளுக்கு அலையைவிட, கையில் போன் இருக்கும் மணி நேரங்கள்தான் எனக்குக் கவலை.

இப்போது ஸ்டிக்கர். போன் அலையை உண்மையிலேயே தடுத்தால் போனால் பேச முடியாது. பாதி தடுத்தால் போன் இன்னும் சத்தமாகக் கத்தும். ஒன்றும் செய்யாவிட்டால் 1,800 ரூபாய் போனது. இதைவிட மோசமான ஒன்று உண்டு. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணு பாதுகாப்பு ஆணையம், 5ஜி-யில் இருந்து காப்பாற்றும் என்று விற்ற பதக்கம், கைப்பட்டை, கண்கட்டு உட்படப் பத்துப் பொருட்களைச் சோதித்து, அவையே கதிரியக்கம் கொண்டவை, அணியாதீர்கள் என்று எச்சரித்தது. எதிர்மின் அயனி தருகிறது என்று விற்கும் இந்த வகைப் பொருட்களில் தோரியம் உள்ள கனிமப் பொடியைக் கலப்பதுண்டு. டவரின் ரேடியோ அலைக்குப் பயந்து, கல் வகைக் கதிரைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கள் நோயாளி ஒருவர் கொண்டுவந்த கறுப்புப் பதக்கத்தின் மேல் நானே எங்கள் கதிர் அளவியைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அது தட்டத் தொடங்கிய வேகத்தில் பக்கத்தில் இருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தார். உறவுக்காரரின் ஸ்டிக்கர் அந்த வகைதானா என்பது கையில் வாங்கி அளந்தால்தான் தெரியும். ஏற்கெனவே ஒன்றிரண்டு வாங்கியிருந்தால் பிள்ளையின் கையில் கொடுக்காமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். நாகர்கோவில் பக்கம் வரும்போது கொண்டுவாருங்கள், அளந்து சொல்கிறேன்.

வீடு மாற வேண்டியதில்லை. எலெக்ட்ரீஷியன் வந்து எர்த் குழியைத் திறந்ததும் உள்ளே அந்த கிளாம்ப் எப்படி இருந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.